வலி போச்சா?

பாயை விரிக்காதீங்க அண்ணாச்சி. சொல்லுதேன்ல, அதைத் தொடாதீங்க. இந்த நாற்காலில சாஞ்சு உக்காருங்க. சட்டைல மேல் பொத்தான் ரெண்டைக் கழட்டி விடுங்க. கூச்சம் என்ன கூச்சம், நான் உங்க தங்கச்சி மாதிரி.

மிதிக்க மாட்டேன். இன்னைக்கு மிதிக்கவே மாட்டேன். உங்களுக்கு வந்திருக்கது வெறும் பிடிப்பாவே இருக்கட்டும், அரிசி மூட்டையைத் தூக்குனதுல பிடிச்சுக்கிட்டதாவே இருக்கட்டும். மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போயி, நெஞ்சுல வயரெல்லாம் ஒட்டி ஒரு தாளு எடுப்பாங்கள்ல, ஈசிஜி, அதை எடுத்துட்டு வாங்க. டாக்டரு பாத்து, நெஞ்சுல ஒண்ணும் இல்ல, சதைப் பிடிப்புதான்னு சொன்னா, வாசப்படியில வச்சே மிதிக்கேன். அஞ்சு வருசமா இந்த வீட்டுச் சட்டம் இதுதான். கலெக்டரே வந்தாலும் தாளோடதான் வரணும்.

கொம்பையா ஆட்டோவுக்குச் சொல்லியாச்சு. ரயில்வே கேட்டு போட்டுட்டாங்களாம், கூட்ஸ் வண்டி போய்க்கிட்டு இருக்காம். ஆம்புலன்ஸுக்கும் போன் போட்டாச்சு. எது முந்துதோ அதுல ஏறுவோம். அதுவரைக்கும் நீங்க எந்திரிக்கக் கூடாது, நடக்கக் கூடாது. நான் பேசுவேன், நீங்க கேக்கணும். பேசாம இருந்தா நீங்க எந்திரிச்சு ஓடிருவீங்க, மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது.

வயித்துப் புண்ணு, ரத்த வாந்தி அந்த மாதிரி ஏதும் உண்டா? இல்லையே? அப்போ இந்த வெள்ளை மாத்திரையை மென்னு தின்னுங்க. அப்படியே முழுங்கக் கூடாது, மெல்லணும். பழசு இல்ல, பயப்படாதீங்க. எங்க வீட்டுக்காரருக்கு எழுதிக் குடுத்த மாத்திரை. அவுக போயி அஞ்சு வருசமாச்சு, ஆனா நான் மாசாமாசம் புதுசு வாங்கி வச்சிருக்கேன். இந்த மாதிரி யாரும் வந்தா ஒண்ணை மெல்லக் குடுத்து உடனே அனுப்பி விடுங்கன்னு ஆஸ்பத்திரி நர்சம்மா சொல்லிக் குடுத்தது.

ஆமா, உங்களை யாரு இங்க அனுப்புனா? டிரைவரா? மகிழ்வண்ணன் டிரைவரா? அந்த மனுசன் வாயைக் கோணி ஊசி வச்சுத் தைக்கணும். எத்தனை தடவை சொல்லியாச்சு. காலைப் பிடிக்காத குறையாச் சொல்லியாச்சு.

சரி, கேளுங்க. நான் காலால பொறந்தவ. எல்லாப் பிள்ளையும் தலையைக் காட்டிக்கிட்டு வரும், நான் காலை நீட்டிக்கிட்டு வந்தேன். எங்கம்மா ஒண்ணரை நாள் செத்துப் பொழைச்சா. அப்படிப் பொறந்தவ மிதிச்சா இடுப்புப் பிடிப்பு, முதுகுப் பிடிப்பு, மூச்சுப் பிடிப்பு எல்லாம் விட்டுப் போகும்னு நம்ம பக்கத்துல நம்பிக்கை. உங்களுக்குத் தெரியாததா, அதை நம்பித்தானே வந்திருக்கீங்க. அஞ்சு வயசுலயே என்னையத் தூக்கிக்கிட்டுப் போயி பெரிய பெரிய ஆளுக முதுகுல நிப்பாட்டுவாங்க. மத்த பிள்ளைக காலு தெரியாமப் பட்டாக்கூட தொட்டுக் கும்பிடுன்னு அடிப்பாங்க. என் காலு பட்டா அவங்க கும்பிடுவாங்க. தலைமை வாத்தியாரு, பஞ்சாயத்துத் தலைவரு, எல்லாரும் குப்புறப் படுத்து என் காலுக்குக் கீழ கெடந்தவங்கதான். எனக்குப் படிப்பு வரலை. நெறம் கெடையாது, பல்லு வேற எடுப்பு. மாடத்தின்னு ஒருத்தி இருக்கான்னு ஊருக்குத் தெரிஞ்சதே இந்த வலது காலால. அதை நீங்க புரிஞ்சுக்கிடணும், இல்லைன்னா மிச்சம் புரியாது.

எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் இதுல நம்பிக்கையே கெடையாது. அவுக பேரை நான் சொல்ல மாட்டேன், வெளிய போர்டுல இருக்கு பாருங்க, சொர்ணபாண்டி வாடகைப் பாத்திரக் கடைன்னு. இப்போ நான் சொல்லலை, போர்டு சொல்லுது. கல்யாண வீட்டுக்கு அண்டா, குண்டா, ஜமுக்காளம், நாற்காலி எல்லாம் குடுப்பாக. இருபத்தாறு வருசம் அதைத் தூக்கி எறக்குன உடம்பு, பிடிக்காம இருக்குமா? வாரத்துக்கு ஒரு நாள் எங்கயாவது பிடிக்கும். தைலத்தைத் தேய்ச்சுக்கிட்டுப் படுப்பாகளே ஒழிய, ஒரு தடவை மிதின்னு கேட்டது இல்ல. "மாடத்தி ஊராரைக் காலால மிதிக்கா, என்னைய வாயால மிதிக்கா, எனக்கு அது போதும்"பாக. எல்லாரும் சிரிப்பாங்க, நானும் சிரிப்பேன். உள்ளுக்குள்ள வருத்தம்தான். ஊரே கும்பிடுற காலை கட்டுன மனுசன் மதிக்கலையேன்னு வருத்தம்.

தாடையை ஏன் பிடிக்கீங்க? பல்லு வலியா? எப்போ இருந்து? காலைல இருந்தா! அதை ஏன் மொதல்லயே சொல்லலை? இருங்க, அந்தப் பயலுக்கு மறுபடியும் போன் போடுதேன்.

ஏலே கொம்பையா, எங்கலே இருக்க? கேட்டு தொறந்தாச்சா? தொறந்த ஒடனே பறந்து வா.

இன்னும் தொறக்கலையாம். மூச்சை இழுத்து விடுங்க, பைய, பைய.

டிரைவரு கதைக்கு வாரேன். ஆறு வருசத்துக்கு முந்தி, பங்குனி மாசம், காலைல ஒம்பது மணி இருக்கும். நெஞ்சுல இருந்து முதுகு வரைக்கும் பிடிச்சிருக்கு தாயீன்னு வந்தாரு. ஆளு வெளுத்துப் போயி, நெத்தியெல்லாம் வேர்வை. இப்போ நீங்க இருக்க மாதிரியேதான் இருந்தாரு. எனக்கு அப்போ ஒண்ணும் தெரியாது. குப்புறப் படுக்கச் சொன்னேன், மேல இருந்து கீழ மூணு தடவை மிதிச்சு இறக்குனேன். வலி போச்சான்னு கேட்டேன். மிதிச்சு முடிச்சா அதைக் கேக்கணும், அது வழக்கம். லேசா விட்ட மாதிரி இருக்குன்னாரு. மறுபடியும் மிதிச்சேன். அதுக்குள்ள அவரு மருமக ஆவுடை தேடிக்கிட்டு வந்துட்டா. அவ அப்பன் நெஞ்சு வலில செத்தவரு, அவளுக்கு அந்த வேர்வையைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. என்னையக் கன்னாபின்னான்னு ஏசிட்டு, ஆட்டோவுல போட்டு மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டா.

தாளு எடுத்துப் பாத்தா மாரடைப்பு. ரத்தக் குழாய் அடைச்சிருக்குன்னு கட்டியைக் கரைக்கிற ஊசியைப் போட்டுட்டாங்க. சாயந்தரமே திருநவேலிக்குக் கொண்டு போயி, மணிக்கட்டு வழியா ஒரு வயரை விட்டு, அடைப்புல ஸ்டென்ட்டு வச்சாங்க. அஞ்சாம் நாளு மனுசன் வீட்டு வாசல்ல நின்னு பேப்பர் படிக்காரு. வலி வந்து ஒண்ணரை மணி நேரத்துல ஊசி ஏறிருச்சு, அதான்.

திருநவேலிக்கு ஏத்துறதுக்கு முந்தி நான் பாக்கப் போயிருந்தேன். அங்கன ஒரு நர்சம்மா, செல்வநாயகின்னு பேரு, சின்னப் பொண்ணு. "நீங்கதானா அந்த மிதிச்ச அம்மா? உள்ள ரத்தம் போகாம சதை செத்துக்கிட்டு இருக்கு, நீங்க மேல நின்னு மிதிச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க. ஒவ்வொரு நிமிசத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா சாகும், அது திரும்ப வளராது"ன்னுச்சு. அத்தனை பேருக்கு முன்னால. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. நேத்துப் பொறந்த பிள்ளை என் காலைப் பத்திப் பேசுதான்னு வெடுக்குன்னு வந்துட்டேன்.

அந்தப் பிள்ளை சொன்னதைக் கேக்காம டிரைவரு சொன்னதைக் கேட்டேன் பாருங்க, அங்கதான் நான் கெட்டேன். டிரைவரு என்ன செஞ்சாரு தெரியுமா? டீக்கடைக்கு டீக்கடை உக்காந்து, மாடத்தி மிதிச்சதுலதான் அடைப்பு இளகிருச்சு, டாக்டரு பாத்தது மிச்சத்தைத்தான்னு சொல்ல ஆரம்பிச்சாரு. நன்றியோடதான் சொன்னாரு, நல்ல மனுசன்தான். சாத்தூருல இருந்தெல்லாம் ஆளு வர ஆரம்பிச்சிட்டாங்க. இல்லைய்யா, என் காலு இல்ல, ஊசிதான் காப்பாத்துச்சுன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லலை. எனக்கு இனிச்சுச்சு அண்ணாச்சி. உங்ககிட்ட ஏன் பொய் சொல்லணும்.

ஏப்பம் வருதா? வரட்டும். சோடா எல்லாம் கேக்காதீங்க, தர மாட்டேன். ஃபேனை இந்தப் பக்கம் திருப்பி வைக்கேன்.

அந்த வருசம் ஆவணி. முகூர்த்தத்துக்கு மேல முகூர்த்தம், அவுகளுக்கு ஓயாத வேலை. ஒரு மண்டபத்துல இருந்து பாத்திரத்தை எல்லாம் எறக்கிப் போட்டுட்டு, மத்தியானம் மூணு மணிக்கு உள்ள வந்தாக. இப்போ நீங்க உக்காந்திருக்க நாற்காலிதான். அப்புறம் மெதுவாக் கேட்டாக. "மாடத்தி, முதுகுல என்னமோ பிடிச்சிருக்கு. கொஞ்சம் மிதிக்கியா?"

இருபத்தாறு வருசத்துல மொத தடவை. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துட்டு. சந்தோசத்துல, அண்ணாச்சி, சந்தோசத்துல. டிரைவரு சொன்னதை அவுகளும் நம்பிட்டாக போலன்னு நெனைச்சேன். பீரோ மேல இருந்த புதுப் பாயை எடுத்து விரிச்சேன். காலைக் கழுவித் தொடைச்சேன். கொலுசைக் கூடக் கழட்டி வச்சேன், கம்பி குத்திரக் கூடாதேன்னு. குப்புறப் படுத்தாக. முதுகு சில்லுன்னு ஈரமா இருந்துச்சு. வெயில்ல வேலை பாத்துட்டு வந்த வேர்வைன்னு நெனைச்சேன். அஞ்சு மாசத்துக்கு முந்தி இதே வேர்வையை டிரைவரு நெத்தியில பாத்தவதான் நான். பாத்தும் தெரியலை.

மூணு தடவை மிதிச்சேன். வலி போச்சான்னு கேட்டேன். மறுபடியும் கேட்டேன், குனிஞ்சு காதுகிட்டப் போயி, வலி போச்சான்னு. "போச்சு. போயிருச்சு மாடத்தி"ன்னாக.

காபி போட்டுக் குடுத்தேன். பாதி குடிச்சுட்டுப் படுத்தாக. நான் என்ன செஞ்சேன்? பக்கத்து வீடு, எதுத்த வீடு, தண்ணிக் கொழாயடி, எல்லா இடத்துலயும் போயி சொன்னேன். எங்க வீட்டுக்காரரே இன்னைக்கு மிதிக்கச் சொல்லிக் கேட்டாக, வலி பட்டுன்னு விட்டுருச்சுன்னு சொன்னேன். சொல்லிட்டு, பூ வாங்கிக்கிட்டு, வெளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தேன். பாயெல்லாம் தண்ணி ஊத்துன மாதிரி நனைஞ்சு கெடக்கு. வாந்தி எடுத்திருக்காக. கண்ணு தொறந்துதான் இருக்கு, என்னையப் பாத்து சிரிக்கப் பாக்காக.

ஆஸ்பத்திரில அதே செல்வநாயகி. வலி எப்போ வந்துச்சுன்னு கேட்டுச்சு. அவுகதான் சொன்னாக, "இப்பத்தாம்மா, ஒரு மணி நேரம் இருக்கும்." நாலு மணி நேரம் ஆகிப்போச்சு அண்ணாச்சி, அவுக ஒரு மணி நேரம்னாக. என்னையக் காப்பாத்துறதுக்கு அங்க போயும் ஒரு பொய். அந்தப் பிள்ளை குனிஞ்சு என் காலைப் பாத்துச்சு. அன்னைக்கு என்னைய ஏசியிருந்தா கூடத் தாங்கியிருப்பேன்.

அதே ஊசிதான். அதே திருநவேலிதான். அதே ஸ்டென்ட்டுதான். டிரைவருக்கு வச்ச அதே டாக்டருதான் இவுகளுக்கும் வச்சாரு. ஆனா செத்த சதை செத்ததுதான். இதயம் நூறு பங்கு வேலை பாக்க வேண்டிய இடத்துல, பாதிகூட இல்லம்மா, இருபத்தஞ்சுதான் இருக்குன்னாரு. டிரைவரு இன்னைக்கும் சைக்கிள் மிதிக்காரு. இவுக கக்கூசுக்குப் போயிட்டு வந்தா அரை மணி நேரம் மூச்சு வாங்குவாக. மல்லாக்கப் படுக்க முடியாது, மூணு தலகாணி வச்சு உக்காந்துக்கிட்டேதான் தூக்கம். உப்புக் கூடாது, தண்ணி அளந்து குடிக்கணும். காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கும், விரலை வச்சு அமுக்குனா குழி விழுந்து அப்படியே நிக்கும். நான் அந்தக் காலை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். எட்டு மாசம் அப்படி.

பாக்க வாரவங்ககிட்ட எல்லாம், நான்தான் கடையில உக்காந்து லேட் பண்ணிட்டேன்னு சொல்லுவாக. ஒருத்தர்கிட்டக் கூட இவ மிதிச்சான்னு சொல்லலை. நான் கொழாயடியில சொன்னதுதான் ஊருக்கே தெரியுமே, அது அவுகளுக்குத் தெரியாது.

எந்திரிக்காதீங்கன்னா எந்திரிக்காதீங்க! கை மரத்துப் போச்சா? எந்தக் கை? இடது கையா. சரி. ஒண்ணும் இல்ல. ஆட்டோ வந்துரும், வந்துரும்.

சாகுறதுக்கு ரெண்டு நாளைக்கு முந்தி நான் கேட்டுட்டேன். எட்டு மாசமாத் தொண்டையில நின்ன கேள்வி. அன்னைக்கு நெசமாவே வலி போச்சான்னு கேட்டேன். "போகலை மாடத்தி. நீ அவ்வளவு ஆசையாக் கேட்ட. போகலைன்னு எப்படிச் சொல்ல?"ன்னாக.

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுட்டேன்.

மூணாம் நாளு காலைல பத்து மணிக்கு, நான் கஞ்சி ஆத்திக்கிட்டு இருக்கேன், தலகாணில சாஞ்ச தலை சாஞ்ச மேனிக்கே நின்னுருச்சு. இப்பவும் மத்தியானம் மூணு மணியானா இந்தக் குதிங்கால்ல அவுக முதுகு தெரியுது அண்ணாச்சி. அந்த ஈரம், அந்தச் சில்லு. எத்தனை தடவை கழுவுனாலும் தெரியுது. செருப்புப் போட்டாலும் தெரியுது. இப்போ மணி என்ன? ரெண்டு அம்பது. அதான்.

உங்ககிட்ட ஒண்ணு சொல்லுதேன், யாருகிட்டயும் சொன்னது இல்ல. புருசனாச்சேன்னு நான் அன்னைக்குப் பைய மிதிச்சேன். டிரைவரை மிதிச்ச மாதிரி அழுத்தி மிதிக்கலை. அழுத்தி மிதிச்சிருந்தா ஒரு வேளை... செல்வநாயகிகிட்ட இதைக் கேட்டேன். அது தலையில அடிச்சுக்கிட்டு அழுதுருச்சு. கேக்கக் கூடாததா என்ன? சும்மா கேட்டேன்.

அதுக்கப்புறம்தான் தாளு. நான் ஒரேடியா மிதிக்க மாட்டேன்னு சொன்னா, அடுத்த ஊருல எவளையாவது தேடிப் போயிருவாங்க. மிதிப்பேன், ஆனா தாளைக் காட்டுன்னா போயி எடுத்துட்டு வருவாங்க. அந்த டிரங்குப் பெட்டி நெறைய தாளுதான். எனக்கு அந்தக் கோடு ஒண்ணும் புரியாது, கீழ டாக்டரு எழுதியிருக்கதை ஆவுடை வந்து படிச்சுச் சொல்லுவா. இதுவரைக்கும் நாலு பேரு தாளோட திரும்பி வரலை. அங்கயே படுக்க வச்சு ஊசி போட்டுட்டாங்க. நாலு பேரும் நடமாடிக்கிட்டு இருக்காங்க. பாதி ஊரு என்னையக் கிறுக்கிங்குது. காலு இருந்தும் மிதிக்காம ஆஸ்பத்திரிக்கு ஆளு பிடிக்கான்னு பேசுதாங்க. பேசட்டும்.

ஆரன் சத்தம் கேக்குதா? வந்துட்டான். ஏலே கொம்பையா, வாசல்ல ஒட்டி நிப்பாட்டு! ஆம்புலன்ஸுக்கு நான் போற வழியில சொல்லிக்கிடுதேன். அண்ணாச்சி, என் தோளைப் பிடிச்சுக்கோங்க. பைய, பைய.

என்ன? என்ன சொன்னீங்க?

வலி போயிருச்சா?

இப்போ பரவாயில்லையா? வீட்டுக்குப் போறீங்களா? கடையைத் தொறந்து போட்டுட்டு வந்துட்டீங்களா?

அண்ணாச்சி, என் மூஞ்சியைப் பாருங்க. இந்த வார்த்தையை, இந்த வீட்டுல, இந்த நாற்காலிகிட்ட வச்சு, ஒரு மனுசன் ஏற்கெனவே எனக்காகச் சொல்லிட்டாக. இன்னொரு தடவை கேக்க என்கிட்டத் தெம்பு இல்ல. நீங்க பொய் சொல்லணும்னு சொல்லலைன்னு தெரியும். பொம்பளை அழுதுக்கிட்டு நிக்காளேன்னு சொல்லுதீங்க. அவுகளும் அப்படித்தான்.

ஏறுங்க. ஏறுங்கய்யா. தள்ளி உக்காருங்க, நானும் வாரேன். வீட்டைப் பூட்டவா, பூட்ட வேண்டாம், அண்டாவைத் திருடிக்கிட்டுப் போறவன் போகட்டும்.

இந்தா, வாசப்பக்கம் உக்காந்து காலை நீட்டிட்டேன். வலது காலுதான். ஊரே கும்பிட்ட காலு. எறங்கணும்னா இதைத் தாண்டித்தான் எறங்கணும். தாண்டுங்க பாப்போம்.

எடுலே வண்டியை. அண்ணாச்சி, கண்ணை மூடாதீங்க. அங்க நர்சம்மா வலி எப்போ வந்துச்சுன்னு கேக்கும். காலைலன்னு சொல்லணும். உள்ளதைச் சொல்லணும், என்ன?